கரும்புத் தோட்டத்தின் பேரனும் தேயிலைத் தோட்டத்தின் பாட்டும்

மாவனல்லைக்குத் தெற்கே, கேகாலை மாவட்டம் மத்திய மலைநாட்டோடு சேருமிடத்தில் அமைந்திருக்கும் அரநாயக்கப் பகுதியில், தாழ்வான சரிவுகளில் இறப்பரும் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும் பயிராகின்றன. நுவரெலியாவிலும் அட்டனிலும் காணப்படுவதுபோல மலைக்கு மலை தொடர்ந்து செல்லும் தமிழ்த் தோட்டங்கள் இங்கில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒரு தோட்டம், அதைக் கடந்து சில மைல்களுக்கு அப்பால் இன்னொரு தோட்டம் என்று சிதறிக் கிடப்பதே இம்மாவட்டம் அடங்கிய சபரகமுவ மாகாணத் தமிழரின் குடியிருப்பு முறை. இத்தகைய தோட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்பட்ட பாட்டுகளில் மிகச் சிலவே ஒலிப்பதிவு கண்டன. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே பிரித்தானியப் பேரரசின் தோட்டப் பொருளாதாரத்துக்காக ஜமேக்காவுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியரின் வழியில் வந்த ஒரு பாடகர், உலகெங்கும் விற்பனையான ரெகே இசைத்தட்டுகளை வெளியிட்டார். இந்த வேறுபாடு குரல் வளத்தாலோ கற்பனைத் திறத்தாலோ வந்ததன்று என்பதையும், ஒலிப்பதிவுக் கருவி யாருடைய தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அது அமைந்தது என்பதையும், சூப்பர் கேட் என்ற அந்தப் பாடகரின் வாழ்க்கையைத் தோட்டப் பாட்டின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது தெளிவாகக் காணலாம்.

ஜமேக்காவில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட கட்டாயப் பயிற்சி முறையும் 1838இல் முடிவுக்கு வந்தபோது, விடுதலை பெற்ற ஆபிரிக்கர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகிச் சொந்தக் காணி தேடிச் சென்றனர். அவர்களின் இடத்தை நிரப்பத் தோட்ட முதலாளிகள் இந்தியாவை நாடினர். 1845 மே 10ஆம் திகதி புளண்டெல் என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் குடாவில் முதல் தொகுதி இந்தியத் தொழிலாளரை இறக்கியது. 1917இல் இம்முறை நிறுத்தப்படும்வரை 36,000க்கும் மேற்பட்டோர் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் வட இந்தியாவின் போஜ்புரி வழங்கும் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களும் சிலர் உண்டு. குறித்த ஆண்டுகளுக்கு ஒரே தோட்டத்தில் வேலை செய்வதாக எழுத்துமூலம் கட்டுண்ட இவர்களே ஒப்பந்தக் கூலிகள் எனப்பட்டனர்.

இலங்கைக்கு வந்த தமிழர் அவ்வாறு நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டப்படவில்லை, கடனில் கட்டப்பட்டனர். ஊரில் ஆள் திரட்டும் கங்காணி வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடனைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று துரை, அதாவது தோட்ட முகாமையாளர், எழுதிக்கொடுக்கும் தாளுக்குத் துண்டு என்று பெயர்; இத்துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்த பின் மேட்டுநிலத்தில் தேயிலையும், கேகாலை, இரத்தினபுரி போன்ற தாழ்ந்த ஈரவலயச் சரிவுகளில் இறப்பரும் பரவின. ஒப்பந்தம் முடிந்தால் ஜமேக்கா இந்தியர் தோட்டத்தை விட்டு வெளியேற முடிந்தது. கங்காணியின் கணக்கு முடிவதே அரிது என்பதால் இலங்கைத் தோட்டத் தமிழர் தலைமுறை தலைமுறையாக அதே லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறைக் குடியிருப்பில், தங்கிவிட்டனர். பின்னாளில் பாட்டின் தலைவிதியையும் இந்த வேறுபாடே தீர்மானித்தது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய ஜமேக்கா இந்தியரில் கணிசமானோர் தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குப் புறநகர்களில் குடியேறிக் காய்கறி பயிரிட்டும் விற்றும் வாழ்ந்தனர். கறுப்பினத்தவரான ஏழைத் தொழிலாளரோடு ஒரே தெருவில் கலந்து வாழ்ந்து, நாளடைவில் தம் மொழியை இழந்தனர். மொழி போனாலும் எல்லாம் போய்விடவில்லை. கஞ்சா என்ற பெயரையும் அதைப் புகைக்கும் வழக்கத்தையும் ஜமேக்கா இவர்களிடமிருந்தே பெற்றது. ரஸ்தபாரி சமயத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான லெனர்ட் ஹவல், 1935 அளவில் வெளிவந்த தம் சிறு நூலுக்கு மராக் என்று முடியும் ஓர் இந்தியப் புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். ரஸ்தாக்களின் சடைமுடியையும் இந்தியச் சாதுக்களிடமிருந்து வந்ததாகக் காட்ட முனைவோர் உளர். அதற்குக் காட்டப்படும் சான்றுகள் வலுவற்றவை, ஆகவே இங்கு அது வாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மராக் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்ட வில்லியம் அந்தனி மராக் 1963இல் கிங்ஸ்டனில் பிறந்தார். இந்திய வழியும் ஆபிரிக்க வழியும் கலந்த இவர் வளர்ந்த கொபர்ன் பென் என்ற குடியிருப்பு, யு-ரோய், பிரின்ஸ் ஜாஸ்போ போன்ற முன்னோடிகளின் களமாக இருந்தது. அவர்கள் செய்த தொழிலை விளங்கிக்கொள்ளாமல் சூப்பர் கேட்டின் இசைத்தட்டுகளை விளங்கிக்கொள்ள இயலாது. ஜமேக்காவின் ஏழைகள் 1950களிலிருந்து பாட்டுக் கேட்டது பெரும்பாலும் வீட்டு வானொலியில் அன்று. ஆளுயர ஒலிபெருக்கிகள், இசைத்தட்டுச் சுழற்றி, ஒலிவாங்கி ஆகியவற்றை வண்டியில் ஏற்றிவந்து வெட்டவெளியில் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி இரவெல்லாம் இசைத்தட்டு ஒலிக்கவிடும் சவுண்ட் சிஸ்டம் என்ற அமைப்பில்தான் கேட்டார்கள். தங்கள் கூட்டத்துக்கு மட்டுமே உரிய புதுப் பாட்டு வேண்டுமென்று இதை நடத்தியவர்களே ஒலிப்பதிவிலும் இறங்கினர். ஸ்கா, அதன் பின் 1966 அளவில் ரொக்ஸ்டெடி, 1968இல் ரெகே என்று அடுத்தடுத்து இசை வடிவங்கள் பிறந்தது இந்தப் போட்டியால்தான்.

செலவைக் குறைக்க இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதே பாட்டைக் குரலின்றித் தாளத்தோடு மட்டும் பதிவதும் வழக்கமாயிற்று. பேஸ் கிற்றாரும் முரசும் நிற்கும் அந்த அடித்தளத்துக்கு ரிதிம் என்று பெயர். ஒரே ரிதிமின்மீது நூறு பேர் நூறு பாட்டுப் பாடலாம், யாரும் தவறாகக் கருதுவதில்லை. குரலற்ற அந்தப் பக்கம் சுழலும்போது ஒலிவாங்கியைப் பிடித்துத் தாளத்துக்கு ஏற்பச் சொல்லடுக்கிப் பேசிப் பாடுபவரே டீஜே. தமிழ்நாட்டிலும் கொழும்பிலும் திருமண மண்டபத்தில் பாட்டுப் போடுபவரை இப்பெயரால் அழைக்கிறோம். ஜமேக்காவில் அச்சொல் பாட்டுப் போடுபவரைக் குறிப்பதில்லை, அதன்மீது பேசிப் பாடுபவரையே குறிக்கிறது. யு-ரோய் 1970இல் இவ்வாறு பதிவுசெய்த இசைத்தட்டுகள் அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றபின் டீஜேயும் பாடகராக ஏற்கப்பட்டார். இந்தப் பேச்சுப் பாட்டை மையமாகக் கொண்டு 1980களில் தனித்து வளர்ந்த ரெகே பிரிவு டான்ஸ்ஹால் எனப்படுகிறது.

கொபர்ன் பென்னில் வளர்ந்த சிறுவன் ஏழு வயதிலேயே ஒரு சவுண்ட் சிஸ்டக் குழுவுக்கு எடுபிடியாகச் சேர்ந்துவிட்டான். பள்ளிக்கூட இசையாசிரியரோ வானொலித் தேர்வுக் குழுவோ அவனுடைய பாதையில் குறுக்கிடவில்லை. ஒலிவாங்கி இருந்த இடம் அவன் வீட்டுத் தெரு. முதலில் வேறொரு மேடைப் பெயரில் பாடி, பின்னர் சூப்பர் கேட் என்ற பெயரை நிலைநிறுத்திக்கொண்ட அவருடைய முதல் இசைத்தட்டு 1980களின் தொடக்கத்தில் வின்ஸ்டன் ரைலியின் தயாரிப்பில் வெளிவந்தது. கில்லமஞ்சாரோ என்ற பெயர்பெற்ற சவுண்ட் சிஸ்டத்தில் ஏர்லி பி என்ற டீஜேயோடு இணைந்து பாடிப் புகழ்பெற்றபின், ரைலியின் டெக்னிக்ஸ் நிறுவனத்துக்காக 1985இல் சி பூப்ஸ் டெ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற பூப்ஸ் என்ற பாட்டு, பெண்ணுக்குச் செலவழித்து ஏமாறும் பணக்கார ஆணைக் கேலிசெய்வது. மார்சியா கிரிபித்ஸ் 1960களின் இறுதியில் பாடிய ஒரு பழைய பாட்டின் ரிதிமைப் புதுக்கி அதன்மேல் கட்டப்பட்டது. ஜமேக்காவில் அதற்கு மறுமொழியாகவும் எதிர்மொழியாகவும் பலர் பாடினர். நியூயோர்க்கின் ராப் பாடகர் கேஆர்எஸ்-வன் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டொன்றிலும் பூப்ஸின் மெட்டு ஒலிக்கிறது. அதே தொகுப்பில் நகர்ப்புற இளைஞரின் வறுமைக்காக இரங்கும் பாட்டும் இருந்தது என்பதைக் கேலிப்பாட்டின் புகழ் மறைத்துவிட்டது.

அவருடைய தொழில் வாழ்க்கையில் மிக முக்கியமான முடிவு, பிறர் நிறுவனத்துக்குப் பாடிக்கொண்டே இராமல் வைல்ட் அப்பாச்சி என்ற பெயரில் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியதாகும். ஜமேக்காவில் பாடகருக்கு ஒரு தடவை சிறு தொகை கொடுத்துவிட்டு இசைத்தட்டின் வருவாய் முழுவதையும் தயாரிப்பாளரே எடுத்துக்கொள்வது நீண்டகால வழக்கம். தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலி கொடுப்பதற்கும் இதற்கும் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. 1988இல் வெளிவந்த ஸ்வீட்ஸ் போர் மை ஸ்வீட் என்ற தொகுப்புக்குப் பின் அவர் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, கொலம்பியா என்ற பெருநிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். 1992இல் வந்த டொன் டாடா அவருடைய தொகுப்புகளில் முதன்மையானது. டான்ஸ்ஹாலின் கட்டமைப்பைச் சிதைக்காமல் நியூயோர்க்கின் ஹிப்-ஹொப் முரசொலியை அதனோடு பொருத்தியதில் அதன் சிறப்பு இருக்கிறது. அத்தொகுப்பின் டொலி மை பேபி என்ற பாட்டினுடைய மறுகலவைப் பதிப்பில், அப்போது பெரும்பாலும் அறியப்படாதிருந்த ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. தம் தொடக்ககால ஒலிப்பதிவுகளுள் ஒன்றைச் செய்தார். கிரிஸ் கிராஸ் என்ற சிறுவர் இணை 1993இல் வெளியிட்ட பாட்டிலும், சுகர் ரே குழு 1997இல் வெளியிட்டு அமெரிக்க வானொலிகளில் முதலிடம் பிடித்த பிளை என்ற பாட்டிலும் சூப்பர் கேட்டின் குரல் உண்டு. 1995இன் த ஸ்ட்ரகிள் கன்டினியூஸ் என்ற தொகுப்போடு கொலம்பியாவுக்காக அவர் செய்த வேலை பெரும்பாலும் நிறைவடைந்தது. அதன்பின் நீண்ட காலம் ஒதுங்கியிருந்தாலும், 2012இல் நாஸ் என்ற ராப் பாடகர் அவருடைய பழைய குரலை வெட்டியெடுத்துத் தம் பாட்டின் அடித்தளமாக்கியபோது புதிய தலைமுறை அவரைத் தேடத் தொடங்கியது. மென்மையான குரலில் விரைந்த சொல்லடுக்கைப் பாட்டாகவே நிலைநிறுத்தியதுதான் சூப்பர் கேட்டின் தனித்தன்மை. கரகரத்த அதட்டலையே ஆண்மையென எண்ணிய பல டீஜேக்களுக்கு அது வாய்க்கவில்லை.

தமிழ் நாட்டுப் படப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களும் இந்தப் பாணியை அறியாமலே கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்காமில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ஸ்டீவன் கபூர், தம்மைப்போலவே இந்திய வழிவந்த சூப்பர் கேட்டை முன்மாதிரியாகக் கொண்டு, அவருடைய வைல்ட் அப்பாச்சி என்ற பட்டத்திலிருந்து அப்பாச்சி இந்தியன் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். 1993இல் வெளிவந்த அவருடைய நோ ரிசர்வேஷன்ஸ் தொகுப்பின் சில பகுதிகள் கிங்ஸ்டனிலேயே பதிவாயின. அதே ஆண்டில் பூம் ஷக்-ஏ-லக் என்ற பாட்டு பிரித்தானியப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து 1996இல் வெளிவந்த லவ் பேர்ட்ஸ் திரைப்படத்தில் நோ பிராப்ளம் என்ற பாட்டைப் பாடியவர் இவரே. ஜமேக்காக் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியரின் பேச்சுப் பாட்டு இவ்வாறு பேர்மிங்காமையும் சென்னையையும் சுற்றிக்கொண்டு, ஒலிநாடா வழியாகத் தமிழ்க் காதுகளை வந்தடைந்தது.

இனி, சபரகமுவத் தோட்டத்தின் பக்கம். தோட்டப் பாட்டு என்றதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரைபிடித்துப் பாடும் தெம்மாங்கே நினைவுக்கு வருகிறது. இறப்பர் தோட்டத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது. பால்வெட்டுபவர் தமக்குக் குறிக்கப்பட்ட மரங்களைத் தேடி விடிவதற்கு முன்னரே தனியாகச் செல்கிறார்; வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும் என்பதால் மரத்துக்கு மரம் ஓடி, கத்தியால் பட்டையைச் சரிவாகச் சீவி, சிரட்டையைப் பொருத்திவிட்டுப் போய், மீண்டும் அதே வழியில் வாளியோடு வந்து பாலைச் சேர்க்க வேண்டும். ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டு எடுக்கும் வாய்ப்பு இந்த வேலையில் குறைவு. ஆகவே சபரகமுவத் தோட்டங்களில் கூட்டுப்பாட்டின் உயிர், மலையைக் காட்டிலும் லயத்து முற்றத்திலும் கோயிலடியிலுமே தங்கியிருந்தது என்று கொள்வதில் தவறில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துகளும் அவ்விடங்களில் இரவு முழுதும் நடந்தன. கூத்துக்கும் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கப்பட்ட தப்பு, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கணக்கெடுக்கும் கூடுகைக்கு, தொழிலாளரை எழுப்பவும் அடிக்கப்பட்டது. ஜமேக்காவின் முரசு தோட்டக்காரரின் காதுக்கு எட்டாமல் மறைத்து அடிக்கப்பட்டதென்றால், இங்கே முரசையே தோட்ட நிர்வாகம் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இப்பாட்டுகளில் கங்காணியின் கணக்கும், துரையின் அதட்டலும், கண்டிச் சீமைக்கு வந்து சேர்ந்த வழியின் கொடுமையும் இடம்பெற்றன. ரெகே பாடகர்களான பொப் மார்லியும் பேர்னிங் ஸ்பியரும் அடிமைக் கப்பலை நினைத்துப் பாடியதற்கு இவை பொருளில் நெருங்கியவை. ஆயினும் அவர்கள் பாடியது ஒலிப்பதிவுக் கூடத்தில், இவர்கள் பாடியது திறந்த வெளியில். தோட்டப் பாட்டு அச்சுக்கு வந்தது அரசியல் வழியாகத்தான். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பழகிய மெட்டுகளில் பாட்டாக இயற்றி, கூட்டங்களில் தாமே பாடி, 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். பொதுமேடையில் பெண் பாடுவது அரிதாயிருந்த காலத்தில், துரைமாரின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத சூழலில், பாட்டையே சங்கத்தின் துண்டறிக்கையாக்கிய இப்பெண்மணிக்கு மலையக இசை வரலாற்றில் முதலிடம் தரப்பட வேண்டும். ஆயினும் அவருடைய குரல் இசைத்தட்டில் நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாய்மொழிப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற நூலாக்கினார். அத்தொகுப்பு இல்லையேல் பல பாட்டுகள் அழிந்தே போயிருக்கும். எனினும் தாளில் ஏறியது சொல் மட்டுமே, மெட்டும் குரலும் ஏறவில்லை.

இலங்கையில் தமிழ் ஒலிப்பதிவின் வாயில் நெடுங்காலம் வானொலி ஒன்றாகவே இருந்தது. அது கொழும்பில் இருந்தது. தேர்வுக் குழுவைக் கடந்தவரே அதில் பாட முடிந்தது. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினமும் அவரைத் தொடர்ந்து ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைத் தமிழில் நிலைநாட்டியபோது அந்த வாயில் ஓரளவு அகன்றது. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமான பைலா என்ற ஆறன் தாள ஆட்டப்பாட்டை அடியாகக்கொண்ட அவர்களின் பாட்டுகள் பேச்சுத் தமிழிலும் கேலியிலும் இயங்கியமையால், கிங்ஸ்டனின் டீஜேக்கு ஈழத்தில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய உறவினர் இவர்களே. மனோகரன் பாடிய, சிங்களமும் தமிழும் கலந்த சுராங்கனி, சிலோன் மனோகர் என்ற பெயரோடு தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. தோட்டத்து இளைஞரும் இப்பாட்டுகளைப் பாடினர், ஆடினர். ஆனால் அவை தோட்டத்திலிருந்து வந்த குரல்கள் அல்ல.

அந்தக் குரல் எழும்பியிருக்க வேண்டிய காலத்தில் மக்களே கலைக்கப்பட்டனர் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில், சிங்களக் கிராமங்களுக்கிடையே தனித்துக் கிடந்த சபரகமுவத் தோட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டு, பலர் வடக்கே ஓடினர். யு-ரோயும் சூப்பர் கேட்டும் ஒலிவாங்கியைப் பிடித்த அதே ஆண்டுகளில், கூத்துப் பாட்டு அறிந்த முதியவர்கள் தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தனர்.

அவர்களின் பாட்டு பின்னர் தமிழ்நாட்டிலிருந்துதான் ஒலிப்பதிவுக்கு வந்தது. ஈழத்துப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட பாய்ஸ் என்ற பாட்டுக்குச் சென்னையில் உறுமி முதலிய தோற்கருவிகளைப் பதிவுசெய்து, அதன் காணொளியை ஜமேக்காவில், அந்நாட்டு டான்ஸ்ஹால் ஆட்டக்காரரைக் கொண்டு எடுத்தார். இரு தோட்டத் தீவுகளின் கதை ஒரே பாட்டுக்குள் சந்தித்த நிகழ்ச்சி அது. இன்னும் நெருங்கியது 2021 மார்ச்சில் வெளிவந்த என்ஜாய் எஞ்சாமி. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அப்பாட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய அறிவின் முன்னோரின், குறிப்பாக அவருடைய பாட்டி வள்ளியம்மாளின், நினைவிலிருந்து பிறந்தது. ஒப்பாரியின் அழுகையையும் ராப்பின் சொல்லடுக்கையும் இணைத்த அப்பாட்டை, தோட்டத்துக் கூலிப் பரம்பரையிலிருந்து உலகப் பட்டியலுக்குச் சென்ற முதல் தமிழ் ஒலிப்பதிவு என்று சொல்வது மிகையாகாது. சூப்பர் கேட்டின் முதல் இசைத்தட்டு வெளிவந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. அரநாயக்க, தெரணியகல, எட்டியாந்தோட்டை, இரத்தினபுரித் தோட்டங்களில் காமன் கூத்தின் பாட்டுகளை முழுமையாக அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே, பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களைப் பாடவைத்துப் பதிவுசெய்ய வேண்டும்; பதிவின் தொடக்கத்திலேயே பாடியவரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பிரிவையும், திகதியையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும்.